என்ன மார்க் வேண்டும்?

‘லோகோ’ என்ற சொல் நம் பக்கம் வந்தது நேற்று. ‘மார்க்’ அதற்கு ரொம்பக் காலம் முன்பே வந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் கடையில் போய் “சேவல் மார்க் குடுங்க” என்று கேட்டால், சிவகாசி காளீஸ்வரியின் பட்டாசுப் பெட்டியை எடுத்து வைப்பார்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் சேவலைத் தெரியும். தீப்பெட்டிக்கும் இதே கதைதான். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி பெருகப் பெருக, மேலே ஒட்டுகிற லேபிளும் பெருகியது; லேபிள் அடிக்க அச்சு இயந்திரங்கள் வந்தன. உள்ளே இருக்கிற குச்சி எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தப் பெட்டி யாருடையது என்று சொன்னது மேலே இருந்த படம்.

அந்தச் சிவகாசிக்கு மேற்கே திருவில்லிபுத்தூர், அதைத் தாண்டினால் ராஜபாளையம். காலையில் பஸ் ஏறினால் மூன்று ஊரையும் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இந்த வட்டாரத்தில் சின்னதாகக் கைத்தொழில் செய்கிறவர்கள், பருத்திச் சேலை நெய்கிறவர்கள், பனையோலையில் கொட்டானும் பெட்டியும் முடைகிறவர்கள் யாரிடம் பேசினாலும், வீட்டில் படித்த பிள்ளை ஒன்று “நம்ம மார்க்கை மாத்தணும்” என்று சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழும். பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாத்தா காலத்துப் படம் போன் திரையின் சின்ன வட்டத்துக்குள் வைத்தால் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது. கண்காட்சியில் ஸ்டால் போட்டால் பக்கத்து ஸ்டாலின் பெயர்ப்பலகைதான் கண்ணை இழுக்கிறது.

எப்படி மாற்றுவது என்ற பேச்சு வந்ததும், பத்தில் எட்டுப் பேர் சொல்லும் முதல் யோசனை ஒன்றே: “கோபுரம் போட்டுடலாம்.”

கோபுரத்தைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தின் கதை திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்ற இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சென்னை மாகாண அரசுக்குக் கோபுரச் சின்னம் 1949-இல் வந்தது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அந்த ஆண்டு ஏப்ரலில் மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்றவர் பூ. ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்துக்காரர். தான் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். சின்னத்தில் இருப்பது திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் என்பது ஊர் உலகம் அறிந்த செய்தி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது என்ற பேச்சும் ஓவியர் தரப்பிலிருந்து வந்திருக்கிறது. இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: ஒரு ரூபாய் அளவு வட்டத்துக்குள் வந்ததும் சிற்பமும் சுதையும் எல்லாம் மறைந்து, மேலே போகப் போகக் குறுகும் ஒரு வடிவம் மிஞ்சியது. அந்த வடிவத்தைத் திருவில்லிபுத்தூர்க்காரர் “எங்க கோபுரம்” என்றார். மதுரைக்காரருக்கும் அப்படிச் சொல்ல இடம் இருந்தது. 

அந்தச் சின்னம் பிறகு மாறவும் செய்தது. முதலில் ஆங்கிலத்தில் மதராஸ் அரசு என்றும், தேவநாகரியில் ‘சத்யமேவ ஜயதே’ என்றும் வட்டத்தைச் சுற்றி இருந்தன. 1967-க்குப் பிறகு மாநிலத்தின் பெயர் மாறியது. விளிம்பில் ‘தமிழ்நாடு அரசு’ வந்தது, ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. கோபுரம் நின்ற இடத்தில் நின்றது. முன்னால் இருந்த சிங்கத் தூணும் இரண்டு பக்கத்துக் கொடியும் அப்படியே இருந்தன. ஆட்சி மாறி, மாநிலத்தின் பெயரே மாறியும், ஜனங்கள் கண்ணால் பழகிய படத்தில் கை வைக்கவில்லை. இது நல்ல வேலை என்று நினைக்கிறேன். நம் வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவது மாதிரி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் விளக்கு புதுசாகிறது. அதற்காக அதை உருக்கி வேறு விளக்கு வார்ப்பதில்லை.

சரி, அந்தக் கோபுரத்தை ஒரு கொட்டான் கடை தன் பையில் போடலாமா? அரசுச் சின்னத்தை அப்படியே எடுத்தால் சட்டம் தடுக்கும். சின்னங்களையும் பெயர்களையும் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1950-லிருந்து இருக்கிறது. மத்திய, மாநில அரசுச் சின்னங்கள் அதில் அடக்கம். சிங்கமும் கொடியும் இல்லாமல் வெறும் கோபுரத்தை வரைந்தால் அந்தச் சிக்கல் வராமல் போகலாம். அடுத்த சிக்கல் கடைத்தெருவில் காத்திருக்கிறது. திருவில்லிபுத்தூரில் இறங்கி நடந்து பாருங்கள். பால்கோவாக் கடைப் பெட்டியில் கோபுரம், அடுத்த கடைப் பெட்டியில் கோபுரம், அதற்கடுத்ததில் கோபுரத்தோடு ஆண்டாள். வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் போய், “அன்னைக்கு வாங்குனோமே, எந்தக் கடை?” என்று கேட்டால், “கோபுரம் போட்ட கடை” என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபுரம் ஊரின் சொத்து. ஊரின் சொத்தை வைத்து ஒரு கடையை அடையாளம் காட்ட முடியாது.

ஆண்டாள் படம் போடுவதில் இன்னொரு சங்கடம். பையைக் கீழே வைக்க வேண்டும், கால் படும், கடைசியில் குப்பைக்குப் போகும். சாமி படம் போட்ட காகிதத்தைக் கிழித்துப் போட மனம் வராமல் அலமாரி மேல் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். வாங்குகிறவர் மனத்தில் ஒரு சின்ன முள்ளை ஏற்றிவிடுகிற படம் எதற்கு? வணிகச் சின்னப் பதிவிலும் சமய உணர்வைப் புண்படுத்தக்கூடியதைப் பதிய முடியாது. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் தனக்கே உரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேறு என்ன இருக்கிறது? ராஜபாளையம் என்றதும் ஊர் பெயர் கொண்ட வெள்ளை நாய் நினைவுக்கு வரும். 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய நாய். திருவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணில் இருக்கிறது. அதற்காகவே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். இரண்டுமே அழகானவை. ஆனால் ஓலைக் கொட்டானுக்கும் வேட்டை நாய்க்கும் என்ன உறவு என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

கிளியைச் சிலர் சொல்வார்கள். ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி. அதைச் செய்கிற விதத்தைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா எழுந்து போக மாட்டார்கள். மாதுளம் பூவில் அலகு. மரவள்ளி இலையில் உடம்பு. நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் சிறகுக்கு. குச்சியில் கால். வாழை நாரால் எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். கண்ணுக்குக் காக்காய்ப்பொன். ஒரு கிளிக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். தினமும் ஒன்று செய்து, சாயரட்சைக்கு ஆண்டாள் கைக்குப் போக வேண்டும். நேற்றைய கிளி வாடிவிடும். இன்றைக்குப் புது இலை, புதுப் பூ. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தாலே ஆண்டாள் கிளி என்று சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாக எத்தனையோ கிளி செய்தும் அதன் முகம் மாறவில்லை.

அந்தக் கிளியை எடுத்துப் பையில் போடச் சொல்லவில்லை. அதுவும் கோயிலுடையது, ஊருடையது. அதைச் செய்கிற கையின் புத்தியை எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். அலகு என்று தனியாக ஒன்றை அவர்கள் உண்டாக்கவில்லை. மாதுளம் பூவிலேயே அலகைப் பார்த்தார்கள். வேலைக்கு எடுத்த பொருளுக்குள்ளேயே உருவம் இருந்தது. கைவினைக் கடைக்கும் மார்க் அங்கேதான் கிடைக்கும், தான் கையில் எடுக்கிற பொருளுக்குள்.

ஒரு ஓலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முடைகிறார்கள். ஒரு ஓலை மேலே போகிறது, அடுத்தது கீழே நுழைகிறது. நாலு ஓலை சேர்ந்ததும் நடுவில் ஒரு சதுரக் கண் விழுகிறது. சாயமேற்றிய ஓலை ஒன்று ஊடே வந்தால் அந்தக் கண் கோலப் புள்ளி மாதிரி எழும்பி நிற்கும். அந்த ஒற்றைக் கண்ணை மட்டும் பெரிதாக வரைந்து பாருங்கள். நாலு பட்டை, மேலும் கீழுமாக. ஓலை வேலை தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் “முடைச்சல்” என்பார். தெரியாதவருக்கும் அது அழகான ஒரு வடிவமாக மனத்தில் நிற்கும்.

தேசிய அளவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2006-இல் கைத்தறிக்கென்று ‘கைத்தறி முத்திரை’ வந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்தது. பாவும் ஊடையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒரு கனசதுரம் போல எழுந்து நிற்கும். மயிலோ தாமரையோ எதுவும் இல்லை. தறியில் நடப்பது எதுவோ அதுவே முத்திரை. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொண்டது. பட்டுப்புழு கூட்டை விட்டு வெளியே வரும் நினைவு அதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஊரில் பெரியவர்கள் இன்னும் கடையைப் பார்த்ததும் பூச்சியைத்தான் காட்டுவார்கள்.

படத்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. எழுத்து பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சின்னத்தில் பாதி எழுத்துதான்.

பழைய பெயர்ப்பலகைகளில் ‘ராஜபாளையம்’ என்று எழுதியிருப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றி ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் வழி அது. அந்தப் பதின்மூன்றில் ‘ளை’ ஒன்று. அதற்கு முன்னால் அந்த ‘ளை’, யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி முன்னால் ஒரு வளைவோடு நிற்கும். ‘லை’யும் ‘னை’யும் அப்படித்தான். அதனால் ‘கலை’யில் ஒரு தும்பிக்கை, ‘கைவினை’யில் ஒரு தும்பிக்கை, ‘பனையோலை’ என்று எழுதினால் இரண்டு. கைத்தொழில்காரர்களின் பலகை முழுக்க யானைகள் நின்றன.

இப்போது டிடிபி கடையில் நடக்கும் உரையாடலை என்னால் மனக்கண்ணில் பார்க்க முடிகிறது.

“அண்ணாச்சி, இந்த எழுத்து பழசு. கம்ப்யூட்டர்ல வராது. வேற ஃபான்ட்ல அடிச்சிடுறேன்.”

“தம்பி, அது எங்க அப்பா கையால எழுதினது. அதையே ஸ்கேன் போட முடியாதா?”

முடியும். அதையே ஸ்கேன் எடுத்து, ஓரத்துப் பிசிறை நீக்கி, கோடுகளைச் சீராக்கி ஒரு நல்ல வடிவமைப்பாளரால் கொடுக்க முடியும். ஒருநாள் வேலை, மிஞ்சினால் இரண்டு நாள். அந்தத் தும்பிக்கை எழுத்தை இனிமேல் எல்லோரும் எழுத வேண்டும் என்பது என் வாதம் அல்ல. எழுத்துச் சீர்திருத்தம் நல்லதுக்கே வந்தது. பலகையில் நிற்கிற ஒரு பெயர் பாடப்புத்தகம் இல்லையே. அது கையெழுத்து. அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளை திருத்தி எழுதுவதில்லை. விலைக்குக் கிடைக்கிற ஃபான்டில் அடித்த பெயர் நாளைக்கே பக்கத்துக் கடையிலும் வந்து நிற்கும். கையால் எழுதிய ‘ளை’ அப்படி வராது.

திருவில்லிபுத்தூருக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று எழுதினால் எட்டு எழுத்து. ‘திருவில்லிபுத்தூர்’ என்றால் ஒன்பது. எதை வைத்தாலும் நீளம்தான். கடைப் பெயரோடு சேர்ந்தால் சின்னம் ரயில் பெட்டி மாதிரி ஓடுகிறது. இதற்குப் பலர் ஊர்ப் பெயரை எறும்பளவு சின்னதாக்கிக் கீழே போடுகிறார்கள். அச்சில் அங்கேதான் இடி விழும். ‘ல்லி’யில் முதல் லகரத்தின் மேலே ஒரு புள்ளி, அடுத்த லகரத்தின் மேலே வளைவு, இரண்டும் நெருங்கி மை ஊறிப் பிடித்துக்கொண்டால் ‘வில்லி’ என்ன எழுத்தென்றே தெரியாது. ‘த்தூ’வில் மேலே புள்ளி, கீழே வளைவு. தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் மூச்சுவிட இடம் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குப் போட்ட அளவுச் சட்டத்தில் தமிழை அடைத்தால் அது திணறும். பெயரை இரண்டு வரியாக உடைத்து, ‘வில்லி’ மேலே, ‘புத்தூர்’ கீழே என்று வைப்பதில் தவறில்லை. பழைய சினிமா சுவரொட்டிக்காரர்கள் இதையெல்லாம் யோசிக்காமலே செய்தார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது பத்து நிறம் ஒன்றில் ஒன்று கரைந்து மினுங்கும், கடைக்காரர் மயங்கிவிடுவார். அந்தச் சின்னம் கடைசியில் எங்கே போய் உட்காரப் போகிறது? 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பைதான் இன்றைக்குக் கடையின் பலகை. கூட்டம் நிறைந்த பஸ்ஸில் அது தொங்கிக்கொண்டு பத்து ஊர் பார்க்கிறது. அந்தப் பையில் ஸ்கிரீன் பிரின்டிங்தான் போடுவார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். நிறம் கூடினால் சட்டம் கூடும், கூலி கூடும், இரண்டு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் விலகும். ஆயிரம் பை அடிக்கிற கடைக்கு அது தாங்காது. கல்யாண வீட்டு மஞ்சப்பையை நினைத்துப் பாருங்கள். மஞ்சளில் சிவப்பு, அல்லது மஞ்சளில் பச்சை. ஒரே மை. மாப்பிள்ளை பெண் பெயரும் கல்யாணத் தேதியும் பத்து வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. மார்க் முதலில் அந்த ஒரு மையில் நிற்க வேண்டும். அப்புறம் போன் திரைக்கு எத்தனை நிறம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவு பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னத்தை மாற்றிவிட்டுப் பதியாமல் விடுவது கதவில்லாத வீடு. சிறு நிறுவனமோ தனிநபரோ இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து வருஷத்துக்கு நிற்கும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வெறும் ஊர்ப் பெயரையும் பொருள் பெயரையும் சேர்த்து ‘ராஜபாளையம் ஓலைப்பெட்டி’ என்று மட்டும் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அந்தச் சொற்கள் எல்லோருக்கும் பொது. கையால் எழுதிய எழுத்தும் முடைச்சல் கண்ணும் சேர்ந்த வடிவம் என்றால் கேட்க முகாந்திரம் இருக்கிறது.

ஊர்ப் பெயருக்குக் காவல் வேறு வழியில் வரும். திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது, மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் வந்தது. அது ஒரு கடைக்குச் சொந்தமில்லை. அந்த ஊரில் அந்த முறைப்படி செய்கிற எல்லோருக்கும் பொது. ஆகவே பெட்டியில் இரண்டும் வேண்டும்: ஊரைச் சொல்ல ஒன்று, ஆளைச் சொல்ல ஒன்று. பால்கோவாக்காரர்களுக்குக் கிடைத்தது இந்தப் பகுதியின் கைத்தறிக்கும் ஓலை வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்டு வாங்கச் சங்கமாகச் சேர வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. ஓலைக் கொட்டான் முடைகிற பெண்களின் பெயர் எந்தச் சின்னத்திலும் இருப்பதில்லை. கடைக்காரர் பெயர் இருக்கும், அவர் தாத்தா பெயர் இருக்கும். பழைய காலத்தில் சில ஊர்களில் முடைகிறவர்களே பெட்டியின் அடியில் ஒரு நிற ஓலையைத் தங்கள் அடையாளமாகச் செருகுவதுண்டு என்று என் அத்தை சொல்வாள். என்னுடைய பெட்டி, என் கை வேலை என்று தெரிவதற்காக. புது மார்க் வரையும்போது அந்த நிற ஓலைக்கு ஒரு இடம் விடலாம். பெட்டிக்குப் பெட்டி அந்த ஒரு பட்டை மட்டும் மாறட்டும்: இந்தத் தெருவில் முடைந்ததற்குச் சிவப்பு, அடுத்த தெருவுக்குப் பச்சை. மற்ற மூன்று பட்டையும் எப்போதும் கறுப்பு. அச்சுக்கு ஒரு மைதான், ஒரு சட்டம்தான். மாறுகிற அந்த ஒரு பட்டையை நிற ஓலையாலேயே செருகிவிடலாம், அதற்கு அச்சே வேண்டாம். லேபிளில் மூன்று பட்டை அச்சில், நாலாவது பட்டை நிஜ ஓலையில்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை. பழைய மார்க் ஒரு தாளில், புதியது ஒரு தாளில். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, இருபது வருஷமாக வந்துபோகிற ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுப் புதியதைக் காட்ட வேண்டும். “அக்கா, இது யாரு கடைன்னு தெரியுதா?” அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, யோசிக்காமல் கடைப் பெயரைச் சொல்லிவிட்டால், சிவகாசிக்குப் போன் போட்டுவிடலாம்.